வெற்றிலைத் தட்டுக்கு முன் ஒரு ஸ்டாப்பர் பேக்

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் "உன்னைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டிருந்தால், "இதுக்குப் போயி கேக்கறீங்ளாண்ணா, எழுதிக்கோங்க" என்று சொல்லி, உட்காரவைத்து, காபியும் கொடுத்து அனுப்பியிருப்பான். எதைக் கேட்டாலும் சரி என்கிற ஆளிடம் சம்மதம் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அதனால் அவன் சார்பில் நானே ஒரு தடவை மறுத்துவிடுகிறேன். பெயர் கிடையாது.

கால்பந்துதான் அவனுக்குத் தொழில். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு இல்லை. ஒப்பந்தம் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு, கொல்கத்தாவிலும் பிறகு கோவாவிலும் டிவியில் காட்டுகிற ஆட்டங்களில் ஆடியவன். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காவல் காக்கிற ஸ்டாப்பர் பேக். கோல் போடுகிறவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். போடவிடாதவன் பெயர் என்றைக்காவது ஒருநாள் கோட்டைவிட்டால்தான் வரும். அப்படிப் பார்த்தால் அவன் பெயர் பேப்பரில் அதிகம் வந்ததில்லை. அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

சூலூரில் என் பேக்கரிக்கு எதிர்ச் சந்தில் அவன் வீடு. அம்மாவும் அவனும் மட்டும். அப்பா அவன் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். வருஷத்தில் பாதி நாள் கிளப்போடு ஊர் ஊராகச் சுற்றுவான். சீசன் முடிந்து கோடை வந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவான். பொழுதோடு பேக்கரிக்கு வந்து, சர்க்கரை இல்லாத டீயை வாங்கிக்கொண்டு, தேங்காய் பன்னை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பான். தின்னக்கூடாது என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றை எடுத்து நீட்டினால் தின்றுவிடுவான். நான் நீட்டியதுதான் காரணம், பசி இல்லை.

அவனுக்கும் எனக்கும் உறவு மைதானத்தில் ஏற்பட்டது. எங்கள் ஊர் டீமுக்கு நான் ரொம்ப வருஷம் கோல்கீப்பர். காதோரம் நரைத்த பிறகும் என்னை யாரும் விலகச் சொல்லவில்லை. வேறு எவனுக்கும் அந்த மண்ணில் விழுந்து புரள மனசில்லை, அதுதான் ரகசியம். அவன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து எனக்கு முன்னால் நின்றான். கோல்கீப்பருக்கு டிபெண்டரின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த முதுகை வைத்தே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். தோள் கொஞ்சம் இறங்கினால் பந்து நம் பக்கம் வராது, நிம்மதியாக மூச்சுவிடலாம் என்று அர்த்தம்.

அவன் ஆடுவது பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பந்தோடு வருகிறவன்மேல் பாய மாட்டான். சறுக்கி விழுந்து காலை நீட்ட மாட்டான். எதிரில் போய் நிற்பான், அவ்வளவுதான். வருகிறவன் இடதுபக்கம் நகர்ந்தால் இவனும் ஒரு எட்டு நகர்வான். வலதுபக்கம் திரும்பினால் அங்கேயும் இவன் இருப்பான். கடைசியில் அந்த ஆளே சலித்துப்போய்ப் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டிவிடுவான். அப்போது இவன் காலை நீட்டி எடுத்துக்கொள்வான்.

எடுப்பதற்கு முன்னால் வாயாலும் சொல்வான். சத்தியமாகச் சொல்வான், பின்னாலிருந்து நானே கேட்டிருக்கிறேன். "அங்க வேண்டாமுங்க." "இந்தப் பக்கம் வழி இல்லீங்ளே." பந்தைப் பறிகொடுத்தவன் கீழே விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, "அடி பட்டிருச்சுங்ளா?" என்று விசாரிப்பான். ஒரு தடவை பாலக்காட்டிலிருந்து வந்த பார்வர்டு ஒருவர் பாதி ஆட்டத்தில் நேராக ரெஃப்ரியிடம் போய்விட்டார்.

"சாரே, இவனை என்கிட்டப் பேச வேண்டாம்னு சொல்லுங்க."

"கெட்ட வார்த்தை பேசறானா?" என்றார் ரெஃப்ரி.

"இல்ல சாரே. மரியாதையாப் பேசறான். என்னால ஓட முடியல."

ரெஃப்ரிக்கு எந்த அட்டையைக் காட்டுவது என்று தெரியவில்லை. நான் கோல்போஸ்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆக, ஆட்டம் முழுக்க அவன் உடம்பு எதிராளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே சொல்தான்: முடியாது. ஆனால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அந்தச் சொல் அவன் வாயில் வரவே வராது.

எங்கள் பக்கத்துப் பழக்கத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கொங்குநாட்டில் ஒருத்தர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது வழக்கமில்லை. செய்ய மனசில்லை என்றால் "பாக்கலாமுங்க" என்போம். கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்றால் "வந்தர்றனுங்க" என்போம். கேட்டவருக்கும் புரியும், சொன்னவருக்கும் புரியும். கேட்க வந்தவர் காபியைக் குடித்துவிட்டுச் சிரித்த முகமாகக் கிளம்பிவிடுவார். இதில் ஊரே கைதேர்ந்தது. இவனுடைய கோளாறு என்னவென்றால், "வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே போய்விடுவான்.

முகூர்த்த நாளில் அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கும். விடிந்ததும் சோமனூரில் ஒரு கல்யாணம், அது முடிந்து பல்லடத்தில் ஒன்று, மத்தியானத்துக்குள் காங்கேயம். எல்லா இடத்திலும் "இலைல உக்காந்துட்டுத்தான் போகோணும்" என்பார்கள், உட்காருவான். சீசன் தொடங்கி கிளப்புக்குத் திரும்பினால், ஒவ்வொரு வருஷமும் அங்கே எடை பார்க்கிறவர் தலையில் அடித்துக்கொள்வாராம். "உங்க ஊர்ல கல்யாணத்தை மழைக்காலத்துல வெக்கக்கூடாதா?" என்று கேட்டாராம். இவன் அதற்கும் "சொல்லிப் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வீட்டு அடுக்களைச் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் இரண்டு தொங்கும். முதலாவதை விற்கிறவர் வந்தார், வாங்கினான். இரண்டாவது ஆள் வேறொரு கம்பெனி. ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று சொல்லவேண்டியதுதானே என்று நான் கேட்டேன்.

"உச்சி வெயில்ல வந்திருந்தாருங்ணா. மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. எப்படிங்ணா திருப்பி அனுப்பறது?"

அவன் அம்மா குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பார். "ரெண்டும் சாமி படம் மாதிரி மாட்டியிருக்குதுங்க. பூ வெக்காததுதான் குறை" என்று என்னிடம் சொன்னார்.

இதெல்லாம் சிரிப்புக்குச் சரி. சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. கோடையில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் செவன்ஸ் நடக்கும். பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், காய்ந்த தரை, சுற்றிலும் கூட்டம். கிளப்போடு ஒப்பந்தம் போட்டவன் அதில் ஆடக்கூடாது. அது கிளப்பின் கண்டிப்பான விதி. அவன் கால் அவர்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் தெரியும். டிவியில் பார்த்த ஆள் தங்கள் ஊர் மண்ணில் நிற்கவேண்டும் என்ற ஆசை மட்டும் அவர்களுக்குப் போகாது. போனில் கேட்டால் அம்மா எடுத்துச் சமாளித்துவிடுவார். அதனால் அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

தாம்பாளத்தோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மேலே ஒரு முழம் பூ. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அழைக்கிற மாதிரி, வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, குடும்பமாக வந்து தட்டை நீட்டுவார்கள். எங்கள் ஊரில் அந்தத் தட்டைக் கையில் வாங்கிவிட்டால் போயே தீரவேண்டும். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தாலும் வீட்டிலிருந்து ஒருத்தர் போகவேண்டும். பந்து விளையாட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது உலகத்திலேயே எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும்.

"வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டுப்போட்டாங்க, இனி எப்படிங்ணா போகாம இருக்கறது?" என்பான். போய்விடுவான். நல்லவேளையாக இரண்டு மூன்று கோடைகள் ஒன்றும் ஆகாமல் தப்பித்தான்.

அந்த வருஷம் வந்தவர் வெள்ளகோவில் பக்கம் எண்ணெய் மில் வைத்திருப்பவர். இறந்துபோன தன் அப்பா நினைவாகக் கோப்பை வைத்திருந்தார். வழி கேட்க முதலில் என் பேக்கரிக்குத்தான் வந்தார்கள், எல்லோரும் அப்படித்தான்.

"அவங்க கிளப்புல விடமாட்டாங்ளே" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"ஆடறதுக்கு இல்லீங்க. சும்மா வந்து பசங்களுக்குக் கைகுடுத்துட்டு, கோப்பையைக் குடுத்துட்டு வந்துரட்டும். எங்கப்பாவோட ஆத்மா சாந்தியாகுமுங்க" என்றார். செத்துப்போன அப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால் நான் என்ன பேசுவது? பின்னால் அவர் மனைவி தாம்பாளத்தோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

நானும் கூடப் போனேன், பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவருவதற்கு. அவன் வெள்ளைச் சட்டை போட்டு, செருப்புக் காலோடு வந்திருந்தான். கைகொடுத்தான், மாலை போட்டார்கள், எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மைக்கில் ஒருத்தர், "அண்ணன் ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் ஆடுவாருங்க" என்று அறிவித்துவிட்டார். யாரோ பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார்கள். நான் அவன் கையைப் பிடித்தேன். "இவ்வளவு பேர் கேக்கறாங்ணா" என்று சொல்லி மெதுவாக என் கையை எடுத்துவிட்டான்.

யாரும் அவனை இடிக்கவில்லை. அருகில்கூட யாரும் இல்லை. பந்து பின்னால் போனது, இவன் திரும்பினான். காய்ந்து வெடித்த தரையில் கால் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. சத்தம் போடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துபோனது, இது சாதாரண அடி இல்லை.

வேனில் தூக்கி ஏற்றும்போது ஒருத்தர் செல்போனை நீட்டி, "அண்ணா, ஒரே ஒரு போட்டோ" என்றார். இவன் வலியோடு சிரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். போனைப் பிடுங்கி வீசப்போனேன்.

"விடுங்ணா. ஆசையாக் கேக்கறாரு" என்றான்.

கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. முட்டிக்குள் லிகமென்ட் அறுந்திருந்தது. கிளப்புக்குச் செய்தி போனதும் மேனேஜர் போனில் கத்திய கத்தல் எதிர்ச் சந்து வரை கேட்டிருக்கும். விதியை மீறி ஆடி அடிபட்டவனை அன்றைக்கே அனுப்பிவிடலாம், ஆனால் இத்தனை வருஷம் ஒழுங்காக ஆடியதற்காக ஒரு வாய்ப்பு. அடுத்த வருஷம் சீசன் கேம்ப் தொடங்குகிற முதல் நாள் கோவாவில் டாக்டர் முன்னால் ஓடிக்காட்ட வேண்டும். முட்டி நின்றால் டீமில் இருக்கலாம். நிற்காவிட்டால் அல்லது அன்றைக்கு வராவிட்டால், அத்தோடு சரி. முப்பது வயதைத் தாண்டிய, முட்டியில் கத்தி வைத்த டிபெண்டரை வேறு எந்தக் கிளப்பும் எடுக்காது. அவனுக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான்.

அதன் பிறகு அவன் உழைத்த உழைப்பை நான் பார்த்திருக்கிறேன். ஊன்றுகோலோடு நடந்தான், பிறகு கோல் இல்லாமல் நடந்தான். காலில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தூக்கித் தூக்கி இறக்குவான். வேர்வை சொட்டும். வலிக்கிறதா என்று கேட்டால் "கொஞ்சமுங்ணா" என்பான். தேங்காய் பன்னை நான் நீட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

அழைக்க வருகிறவர்கள் மட்டும் நிற்கவில்லை. முட்டி போனது எல்லோருக்கும் தெரியும். அதனால் பேச்சு மாறியது. "ஓட வேண்டாமுங்க, வந்து நின்னாப் போதும்." "நிக்கக்கூட வேண்டாமுங்க, சேர் போட்டுர்றோம். மொதப் பந்தை ஒரே ஒரு உதை." எந்தக் காலால் உதைப்பது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் பேக்கரியில் நின்று செக்போஸ்ட் மாதிரி மறித்தேன். "அவரு ஊர்ல இல்லீங்க, மெட்ராஸ் போயிருக்காரு" என்று வாய்கூசாமல் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் எதிர்ச் சந்திலிருந்து அவன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து, "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க? ஊட்டுக்குள்ள வாங்க" என்பான். என் மானம் போகும்.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் அவனைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"இங்க பாரு கண்ணு. நான்தான் மில்காரன். உன்னைக் கூப்பிட வந்திருக்கேன். நீ முடியாதுன்னு சொல்லோணும். ஏனுங்க, வர்ற ஞாயித்துக்கெழமை எங்க ஊர் மேட்ச்சுக்கு வர்றீங்ளா?"

"பாக்கலாமுங்க."

"ஒதைப்பேன். மறுபடி சொல்லு."

"கொஞ்சம் கஷ்டமுங்க."

"கஷ்டம்னா கார் அனுப்பட்டுங்ளா?"

"ஐயோ, கார் எதுக்குங்க, நானே பஸ்ல வந்தர்றேன்."

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"கிரவுண்டுல மட்டும் எப்படிடா ஒருத்தனையும் விடமாட்டேங்கற?" என்று கேட்டேன்.

"அங்க வாயில சொல்ல வேண்டியதில்லீங்ளே. காலு சொல்லிப்போடுது. அவிங்களும் தப்பா எடுத்துக்கறதில்லை, அதுதானுங்ளே ஆட்டம். இங்க ஒருத்தர் ஊடு தேடி வந்திருக்காரு. எங்கப்பா போனதுக்கப்பறம் எங்க ஊட்டுப் படி ஏற யாருமே வரலீங்ணா. ரொம்ப வருஷம் ஒருத்தரும் வரலை. இப்ப வர்றாங்க. வந்தவங்களை முடியாதுன்னு அனுப்புனா, எங்கம்மா மூஞ்சி வாடிரும்."

அவன் வீட்டுக்கு யாரும் போகாத அந்த வருஷங்கள் எனக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு பன்னை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம்தான் என் மகளுக்குத் தாராபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தத்தை மாப்பிள்ளை வீட்டார் குறித்தார்கள். எங்கள் வழக்கப்படி சொந்தபந்தங்களுக்குத் தட்டு வைக்கப் புறப்படும்போது, முதல் தட்டு எதிர்ச் சந்துக்குத்தான் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். கூடப்பிறந்த தம்பி இருந்தால் செய்வதையெல்லாம் அவன் செய்திருக்கிறான். பாப்பா பாப்பா என்று என் மகள்மேல் அவனுக்கு உயிர். கல்யாணத்துக்குப் பந்தி விசாரிக்கிற வேலையை அவனுக்கு என்று நான் மனசுக்குள் ஒதுக்கியே வைத்திருந்தேன்.

நானும் மனைவியும் போனோம். அவன் வாசலில் நின்று "வாங்ணா, வாங்கக்கா" என்று கூப்பிட்டான். அவன் அம்மா பாய் விரித்தார். தண்ணீர் குடித்தோம். என் மனைவி தட்டை எடுத்து என் கையில் கொடுக்க, நான் எழுந்து நின்று தேதியைச் சொன்னேன்.

அவன் முகம் வெளுத்துப்போனது.

"அன்னைக்குத்தானுங்ணா டெஸ்ட். காலைலதான் கோவாவுல இருந்து போன் பண்ணுனாங்க. கேம்ப்பை முன்னாடியே ஆரம்பிக்கறாங்ளாம்."

பேசாமல் தட்டை இறக்கிவைத்திருக்கலாம். ஆனால் நானும் இந்த ஊர்க்காரன்தானே. என் வாய் தானாகப் பேசியது.

"ஒரு நாள் தள்ளிக் கேட்டுப் பாரு கண்ணு. பாப்பா கல்யாணம்னு சொன்னா அவிங்க கேக்காமயா போயிருவாங்க? தாலி கட்டறப்ப நீ இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டுத் தட்டையும் நீட்டினேன்.

கோலுக்கு முன்னால் கோடு போட்ட கட்டத்துக்குள் எதிராளி பந்தை ஓங்கி அடிக்கப்போகிறான் என்று வையுங்கள். எதிரில் நிற்கிற டிபெண்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். பந்து கையில் பட்டால் பெனால்டி, அதனால் வயிற்றிலோ முகத்திலோ வாங்கிக்கொள்வான், கையை மட்டும் நீட்ட மாட்டான். என் தட்டுக்கு முன்னால் அவன் அப்படி நின்றான். இரண்டு கையும் பின்னால். முகம் முன்னால். அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

"ஏஞ்சாமி, கை நீட்டி வாங்கு" என்றார் அவன் அம்மா. அவன் அசையவில்லை. அவரே வாங்க எழுந்தார்.

"நீங்களும் வாங்காதீங்கம்மா" என்றான்.

"தட்டைத் திருப்பி அனுப்பறதா? என்ன பேச்சுடா இது?"

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"வர முடியாதுங்ணா."

தட்டை நான் இன்னும் இறக்கவில்லை.

"பாக்கலாமுங்கன்னு சொன்னா நான் வந்துருவேன். என்னைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. இந்தத் தட்டைத் தொட்டுட்டன்னா அப்பறம் நான் கோவா போகமாட்டேன். தள்ளிப்போடுங்கன்னு அவிங்ககிட்டக் கேட்டா அத்தோட என்னை விட்டுருவாங்க. எனக்கு ஆடோணுமுங்ணா. முடியாது."

இரண்டாவது தடவை சொன்னபோது 'ங்க' கூட இல்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவேண்டியதில்லை. ஊரில் எத்தனையோ பேருக்குத் தலையாட்டினவன், எனக்கா முடியாது என்கிறான்? மனைவிக்கு அதைவிடக் கோபம்.

"வந்தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வராம இருந்திருந்தா என்னவாம்? எல்லாரும் அப்படித்தானுங்ளே செய்யறாங்க? மரியாதையாவும் இருந்திருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது எங்கள் ஊர் நியாயம். அந்த நியாயப்படி பார்த்தால் அவன் செய்தது பெரிய தப்பு. மறுநாள் கடையைத் திறந்து, பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தர்றேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு வராமலிருக்க அவனால் முடியவில்லை. வேறு யாரிடமும் வராத அந்தச் சொல் என்னிடம் வந்திருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று நம்பித்தான் வந்திருக்கிறது. தப்பாக எடுத்துக்கொண்டுதானே வந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. அவன் கோவாவுக்குப் புறப்படுகிற அன்று விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியில் கல்யாணத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. முட்டிக்கு மாத்திரை எடுத்துவைத்தானா என்று மட்டும் கேட்டேன்.

கல்யாணத்தன்று தாராபுரம் மண்டபத்தில் கூட்டம் தாங்கவில்லை. வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வி. "எங்கீங்க உங்க பந்துக்காரரு? அவரைக் காணோமே?"

"வர முடியாதுன்னு சொல்லிட்டானுங்க" என்றேன்.

கேட்டவர்கள் சங்கடப்பட்டார்கள். எனக்கும் அவனுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றினார்கள். நான் விடவில்லை. "மூஞ்சிக்கு நேரா சொன்னானுங்க. தட்டையே தொடலை" என்று வலியப்போய்ச் சொன்னேன். பெண்ணைப் பெற்றவன் இதை ஏன் இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிறான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. என் மச்சினன் ரசவாளியோடு பக்கத்தில் நின்றான். போன் அடித்தது. அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஓட விட்டாங்ணா. திரும்பித் திரும்பி ஓட விட்டாங்க. டாக்டரு முட்டியைப் புடிச்சு ஆட்டி ஆட்டிப் பாத்தாரு. நின்னுருச்சுங்ணா. ஒரு சீசனுக்கு வெச்சுக்கறேன்னுட்டாங்க."

அவனே கேட்டான்.

"பாப்பா கழுத்துல தாலி ஏறிருச்சுங்ளா?"

"ஏறிருச்சு கண்ணு" என்றேன். "நல்லவேளை, நீ வரலை."

சொல்லும்போது குரல் உடைந்து கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. என் மச்சினன் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, "விடுங்க மாமா, நல்ல நாளும் அதுவுமா யாரையோ திட்டிக்கிட்டு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.